வலை உருவாக்குநரின் வீட்டு அலுவலகம்: வரலாறும் கருவிகளும்

இணையத்தளங்களையும் இணையச் செயலிகளையும் நிரல் எழுதி உருவாக்கிப் பராமரிப்பவர் வலை உருவாக்குநர் ஆவார். ஒரு மடிக்கணினி, கூடுதலாக ஒரு திரை, விசைப்பலகை, சுட்டி, இணைய இணைப்பு, மின்தடையைச் சமாளிக்க ஒரு யுபிஎஸ் ஆகியவை இருந்தால் அவர் தம் வீட்டின் ஓர் அறையில் அமர்ந்தே தொழில் முழுவதையும் நடத்த முடியும். 2020-இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போதுதான் வீட்டிலிருந்து பணி என்ற சொல் பொதுமக்களிடையே பரவியது. அதனால் இம்முறை அப்போதுதான் தோன்றியது என்று பலர் எண்ணுகின்றனர். நிரல் எழுதும் தொழிலில் வீட்டு அலுவலகத்தின் வயது 60 ஆண்டுகளுக்கும் மேலாகும். அது வலையைவிட மூத்தது. வீட்டுக் கணினியைவிடவும் மூத்தது.

இந்த வரலாற்றில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களுக்கு அலுவலகத்தின் வசதிகள் கிடைக்கவில்லை. இணைப்பு மெதுவாக இருந்தது, கணினி தொலைவில் இருந்தது, பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. இக்குறைகளைச் சமாளிக்க அவர்கள் கண்ட வழிகள் பலவும் பிற்காலத்தில் அலுவலகங்களின் அன்றாடக் கருவிகளாயின.

கணினி இல்லாத வீட்டு அலுவலகம்

1962-இல் இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி (1933–2025) என்னும் பெண்மணி ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற நிறுவனத்தைத் தம் வீட்டிலேயே தொடங்கினார். முதலீடு 6 பவுண்டு. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்த இவர், நாஜிகளின் கொடுமையிலிருந்து யூதக் குழந்தைகளை மீட்ட ரயில் பயணத்தில் 1939-இல் தம் ஐந்தாம் வயதில் அக்காவுடன் இங்கிலாந்து வந்தவர். லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல்துறை ஆய்வு நிலையத்தில் பணியாற்றிக்கொண்டே மாலை வகுப்புகளில் கணிதப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் பெண்கள் திருமணமானதும், அல்லது முதல் குழந்தை பிறந்ததும், வேலையை விட்டுவிட வேண்டும் என்பதே எழுதப்படாத விதியாக இருந்தது. இதனால் பயிற்சி பெற்ற பெண் நிரலர்கள் பலர் வேலையின்றி வீட்டில் இருந்தனர். ஷெர்லி அவர்களையே பணியமர்த்தினார். நிறுவனத்தின் முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். வேலை கேட்டு வந்தவர்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்விகளுள் ஒன்று, வீட்டில் தொலைபேசி வசதி உண்டா என்பதாகும். கணினி உண்டா என்று கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. அன்றைய கணினி ஓர் அறையை நிரப்பக்கூடியதாக, பெரிய நிறுவனங்களால் மட்டுமே வாங்க முடிந்ததாக இருந்தது.

அப்படியானால் வேலை எவ்வாறு நடந்தது? நிரலர் தம் வீட்டு மேசையில் பென்சிலும் தாளும் கொண்டு பாய்வுப் படம் வரைவார். பிறகு கட்டளைகளைத் தாளில் எழுதுவார். தாள்கள் அஞ்சலில் தரவு மையத்துக்குப் போகும். அங்கே அவை துளையட்டைகளாகவோ துளை நாடாவாகவோ மாற்றப்படும். பிழை இல்லை என்று உறுதிசெய்ய மறுபடியும் ஒருமுறை துளையிட்டுச் சரிபார்ப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் நிரல் கணினியைச் சென்றடையும். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலையும் இவ்வாறு வீடுகளில் இருந்த பெண்களே எழுதினர்.

வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய கடிதங்களில் பெண் பெயரைக் கண்டால் பதில் வருவது அரிதாக இருந்தது. கணவரின் யோசனைப்படி ஷெர்லி 'ஸ்டீவ்' என்று கையெழுத்திடத் தொடங்கியதும் பதில்கள் வந்தன. தொலைபேசியில் பேசும்போது குழந்தை அழும் ஒலி கேட்காமலிருக்க, தட்டச்சு இயந்திரங்களின் ஒலியைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டார். இன்று காணொலிக் கூட்டங்களில் பின்புலத்தை மங்கலாக்கும் வசதிக்கு இதையே முன்னோடியாகக் கொள்ளலாம்.

ஊழியர்கள் ஒரே கட்டடத்தில் இல்லாததால் வாய்மொழியாகச் சொல்லி வேலை வாங்க இயலவில்லை. ஒவ்வொரு பணியும் எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டியிருந்தது. ஒருவர் எழுதியதை முன்பின் அறியாத இன்னொருவர் படித்துப் புரிந்துகொள்ளவும் வேண்டியிருந்தது. இத்தேவையிலிருந்து மென்பொருள் தரத்துக்கான நடைமுறைகளை அந்நிறுவனம் வகுத்துக்கொண்டது. 1975-இல் இங்கிலாந்தில் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது, பெண்களுக்கென்றே நடத்திய நிறுவனம் ஆண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் நிறுவனத்தின் உரிமையில் ஊழியர்களுக்கும் ஷெர்லி பங்கு அளித்தார். அதனால் அவர்களில் 70 பேர் பெருஞ்செல்வர்களாயினர்.

தொலைபேசிக் கம்பி வழியே

1973-இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் நில்ஸ், டெலிகம்யூட்டிங் என்னும் சொல்லை உருவாக்கினார். அலுவலகத்துக்கு மனிதர் பயணம் செய்வதற்குப் பதிலாகத் தகவலைப் பயணம் செய்ய வைப்பதே அதன் பொருள். அதே ஆண்டில் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடி இக்கருத்துக்குக் கவனத்தைத் தேடித் தந்தது.

தகவலைச் சுமக்கும் கருவி மோடம். கணினியின் குறிகளை ஒலியாக மாற்றித் தொலைபேசிக் கம்பியில் அனுப்புவதும், மறுமுனையில் அவ்வொலியைத் திரும்பக் குறிகளாக்குவதும் அதன் வேலை. 1970-களில் வீடுகளுக்குக் கிடைத்த மோடத்தின் வேகம் நொடிக்கு 300 பிட்டு. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். ஒரு திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள் என்று கொண்டால், முழுத் திரையை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், 1976 வாக்கில் விஐ என்ற உரைத் திருத்தியை உருவாக்கத் தொடங்கினார். உரைத் திருத்தி என்பது நிரலை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள். அவர் வீட்டிலிருந்து 300 பிட்டு மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்தார். ஒவ்வோர் எழுத்தும் காத்திருப்பைக் கூட்டியதால் கட்டளைகள் ஓரிரு எழுத்துகளில் அமைந்தன. ஒரு வரியை நீக்க ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் போதும். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. எனவே விஐ திருத்தியில் அவ்வெழுத்துகளே குறியை இடம், கீழ், மேல், வலம் என நகர்த்துகின்றன. கடந்த நூற்றாண்டின் அந்த முனையங்கள் மறைந்துவிட்டன. எனினும் விஐ திருத்தியின் வழித்தோன்றலான விம் திருத்தியைப் பயன்படுத்தும் வலை உருவாக்குநர், நொடிக்குக் கோடிக்கணக்கான பிட்டுகள் பாயும் இணைப்பில் அமர்ந்தும் அதே நான்கு விசைகளைத் தட்டுகிறார்.

1981-இல் ஹேஸ் ஸ்மார்ட்மோடம் வெளிவந்தது. அதுவரை பல மோடங்களில் தொலைபேசி எண்ணைக் கையால் சுழற்றி, ஒலிவாங்கியை மோடத்தின் மீது வைக்க வேண்டியிருந்தது. ஸ்மார்ட்மோடம் கணினியின் கட்டளையைக் கேட்டுத் தானே எண்ணை அழைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தனிநபர் கணினியை வெளியிட்டது. வீட்டு மேசைக்குக் கணினி வந்து சேர்ந்த காலம் இது.

மேசையில் பிறந்த வலை

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989 மார்ச்சில் உலகளாவிய வலைக்கான முதல் திட்டத்தை எழுதினார். பல நாட்டு ஆய்வாளர்கள் பலவகைக் கணினிகளில் வைத்திருந்த ஆவணங்களை ஒன்றோடொன்று இணைப்பதே நோக்கம். 1990 இறுதிக்குள் நெக்ஸ்ட் நிறுவனக் கணினி ஒன்றில் முதல் உலாவியையும் முதல் வலை வழங்கியையும் அவர் இயக்கிக் காட்டினார். வழங்கி என்பது, சர்வர் என்று வழக்கில் சொல்லப்படும், பக்கங்களைச் சேமித்துக் கேட்பவருக்கு அனுப்பும் கணினி. உலகின் முதல் வலை வழங்கி அவர் மேசைமேல் இருந்த கணினிதான். யாராவது தெரியாமல் அணைத்துவிடக் கூடாது என்பதற்காக, இது வழங்கி, அணைக்காதீர்கள் என்ற பொருளில் சிவப்பு மையில் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது.

அந்த முதல் உலாவி பக்கங்களைப் படிக்க மட்டுமன்றி எழுதவும் உதவியது. படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரே என்பது பெர்னர்ஸ்-லீயின் எண்ணம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் வலையின் மென்பொருளைப் பொதுவுடைமையாக அறிவித்தது. உரிமக் கட்டணம் இல்லாததால், நிறுவனப் பின்னணி இல்லாத தனிநபரும் தம் வீட்டில் வலைத்தளம் கட்ட முடிந்தது. வலை உருவாக்குநர் என்ற தொழில் வீட்டுக்குள் வர இந்த அறிவிப்பே கதவைத் திறந்தது எனலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் இத்தொழிலின் அடிப்படைகள் வேகமாக உருவாயின. 1994 அக்டோபரில் ஹோகோன் வியம் லீ, பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் நடைதாள்களை முன்மொழிந்தார். 1995-இல் பிரெண்டன் ஐக், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 10 நாள்களில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தம் சொந்த இணையப் பக்கத்தைப் பராமரிக்க எழுதிக்கொண்ட சிறு நிரல்களே 1995-இல் பிஎச்பி என்ற பெயரில் வெளியாகி, பின்னர் உலகின் பெரும்பாலான தளங்களை இயக்கும் மொழியாக வளர்ந்தன.

2003 மே மாதம் வெளியான வேர்ட்பிரஸ் மென்பொருளும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் ஹியூஸ்டனில் மாணவராக இருந்த மேட் முல்லன்வெக், இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டில் ஆகிய இருவரும் இணையம் வழியாகவே சேர்ந்து அதைத் தொடங்கினர். பின்னர் முல்லன்வெக் நிறுவிய ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் ஊழியர்கள் பல நாடுகளில் தத்தம் ஊர்களிலிருந்தே வேலை செய்கின்றனர்.

ஹெல்சிங்கி நகரின் ஓர் அறை

1991 ஜனவரியில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தவணை முறையில் ஒரு கணினி வாங்கித் தாயாருடன் வசித்த வீட்டில் தம் அறையில் வைத்தார். பல்கலைக்கழகக் கணினியை வீட்டிலிருந்தே மோடம் வழியாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் தேவை. கிடைத்த மென்பொருள் அவருக்குப் போதவில்லை. எனவே தாமே ஒன்றை எழுதினார். கோப்புகளை இறக்கிச் சேமிக்கும் வசதியைச் சேர்த்தார். அதற்கு வட்டை இயக்கும் நிரல் தேவைப்பட்டது. அதையும் எழுதினார். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்தது முடிவில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாயிற்று. 1991 ஆகஸ்ட் 25 அன்று அதைப் பற்றி அறிவித்தபோது அவருக்கு வயது 21. இன்று உலகின் வலை வழங்கிகளில் மிகப் பல லினக்ஸில் இயங்குகின்றன.

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடும் தாக்குதல் ஒன்று நடந்தது. அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு இலோனென் அதற்கு மாற்றாக எஸ்எஸ்எச் என்னும் நெறிமுறையை உருவாக்கினார். இரு கணினிகளுக்கிடையே செல்லும் அனைத்தையும் மறையாக்கம் செய்து அனுப்புவதால், இடையில் கேட்பவருக்கு எதுவும் புரியாது. வீட்டில் இருக்கும் வலை உருவாக்குநர் வேறொரு கண்டத்தில் உள்ள வழங்கியை அச்சமின்றி இயக்குவது பெரும்பாலும் இதன் வழியேதான்.

2005 ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் கிட் என்ற மற்றொரு கருவியை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் உருவாக்கத்துக்கு அதுவரை இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளின் சலுகை முடிவுக்கு வந்தது இதற்குக் காரணம். ஒரு நிரலில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டுக்குப் பதிப்புக் கட்டுப்பாடு என்று பெயர். பழைய ஏற்பாடுகளில் முழு வரலாறும் ஒரு மைய வழங்கியில் மட்டுமே இருந்தது. இணைப்பு அறுந்தால் வேலை நிற்கும். கிட் முறையில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றின் படி உள்ளது. இணையம் இல்லாத நேரத்திலும் மாற்றங்களைப் பதிந்து, இணைப்பு வந்ததும் பிறரோடு சேர்த்துக்கொள்ளலாம். தனித்தனி வீடுகளில் இருந்த ஆயிரக்கணக்கானோருக்காக வடிவமைத்த இம்முறை, ஒரே அறையில் அருகருகே அமர்ந்திருக்கும் குழுக்களுக்கும் இன்று பொதுக் கருவியாகிவிட்டது. 2008-இல் தொடங்கப்பட்ட கிட்ஹப் சேவை அதை மாணவர்களிடமும் கொண்டு சேர்த்தது.

ஒரு நாளின் வேலை

வலை உருவாக்குநர் ஒருவரின் நாள், பிறர் முந்தைய நாள் செய்த மாற்றங்களைக் கிட் வழியாகத் தம் கணினிக்கு இறக்குவதில் தொடங்குகிறது. பின்னர் உரைத் திருத்தியைத் திறக்கிறார். மைக்ரோசாப்ட் 2015-இல் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டுடியோ கோட் இப்போது பலராலும் விரும்பப்படுகிறது. அத்திருத்தியே வலைத் தொழில்நுட்பங்களைக் கொண்டு கட்டப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

எழுதும் தளத்தை உடனே உலகுக்குக் காட்டிவிட முடியாது. எனவே தம் கணினியையே தற்காலிக வழங்கியாக இயக்கிச் சோதிக்கிறார். லோக்கல்ஹோஸ்ட் என்று அழைக்கப்படும் அந்த முகவரியின் எண் 127.0.0.1. அதைத் தட்டும் எந்தக் கணினியும் வெளியே எங்கும் செல்லாமல் தன்னையே அழைத்துக்கொள்ளும். வீட்டில் அழைப்புமணியைத் தானே அடித்துத் தானே கதவைத் திறந்து பார்ப்பது போன்றது இது.

பிழை தேடுவதற்கு உலாவியிலேயே கருவிகள் உள்ளன. 2006-இல் ஜோ ஹெவிட் வெளியிட்ட ஃபயர்பக் என்ற நீட்சி, திறந்திருக்கும் பக்கத்தின் எந்தப் பகுதி எந்த நிரல் வரியால் அமைகிறது என்பதைக் காட்டியது. அதே இடத்தில் மாற்றிப் பார்க்கவும் இடமளித்தது. இன்று எல்லா முதன்மை உலாவிகளிலும் இவ்வசதி உள்ளமைந்துள்ளது. 2010-இல் ஈதன் மார்கோட், திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்க வடிவமைப்பு முறையை விளக்கினார். அதன்பின் ஒரே பக்கத்தைக் கைப்பேசியிலும் பெரிய திரையிலும் சோதிப்பது அன்றாடக் கடமையாயிற்று. சோதனை முடிந்ததும் மாற்றத்துக்கான காரணத்தை ஓரிரு வரிகளில் எழுதிப் பதிவுசெய்து, சக உருவாக்குநரின் சரிபார்ப்புக்கு அனுப்புகிறார். ஷெர்லியின் நிரலர்கள் அஞ்சலில் அனுப்பிய தாள்களும் குறிப்புகளும் செய்த வேலையை இக்குறிப்பு இப்போது செய்கிறது.

மேசையும் நாற்காலியும்

சுட்டி முதன்முதலில் பொதுமக்கள் முன் காட்டப்பட்டது 1968 டிசம்பர் 9 அன்று. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட், சுட்டி, சொற்களைத் தொட்டு வேறு பக்கத்துக்குத் தாவும் மீயுரை ஆகியவற்றை இயக்கிக் காட்டினார். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரின் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டே இருவரும் ஒரே ஆவணத்தில் வேலை செய்தனர். இன்றைய வீட்டு அலுவலகத்தின் பெரும்பகுதியை அந்த ஒன்றரை மணி நேரத்தில் பார்வையாளர்கள் கண்டுவிட்டனர்.

வீட்டுக்குள் கம்பியை ஒழித்தது வைஃபை. அதற்கான 802.11 தரம் 1997-இல் வெளியானது. அப்போது அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட்டு மட்டுமே. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகிறது. ஆகவே சமையலறையில் அடுப்பு ஓடும்போது அருகிலுள்ள அறையில் இணைப்பு தடுமாறுவது உண்டு. ரவுட்டரைச் சமையலறைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதும், முக்கியமான கூட்டங்களுக்குக் கம்பி இணைப்பைப் பயன்படுத்துவதும் இதற்கு எளிய தீர்வுகள்.

உடல்நலன் கருதிச் சில ஏற்பாடுகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. திரை ஒரு கை நீளத் தொலைவிலும், அதன் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். முழங்கை செங்கோணத்தில் மடிய, பாதங்கள் தரையில் பதிய வேண்டும். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் இரண்டையும் ஒருசேரச் சரியான உயரத்தில் வைக்க இயலாது. திரையைச் சரிசெய்தால் கை உயரும், கையைச் சரிசெய்தால் கழுத்து குனியும். எனவேதான் தனி விசைப்பலகையோ தனித் திரையோ தேவைப்படுகிறது. சன்னல் திரைக்குப் பின்னாலோ முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டோர்வால்ட்ஸ் பயன்படுத்திய வீட்டு அலுவலகத்தில், நடந்துகொண்டே வேலை செய்யும் மேசை ஒன்று இருந்தது. வெளிர்பச்சைச் சுவர், ஓசையே எழுப்பாத கணினி ஆகிய இரண்டையும் தவிர வேறு ஆடம்பரம் இல்லை. மடியில் பூனை வந்து அமர்ந்தால் கணினி விசிறியின் இரைச்சலை அல்ல, பூனையின் ஒலியையே கேட்க விரும்புவதாக 2016-இல் ஒரு நேர்காணலில் அவர் கூறினார். உலகையே இயக்கும் மென்பொருளைப் பராமரிக்க முதலில் தேவைப்பட்டது அமைதி என்பது இதனால் விளங்குகிறது.

இந்தியாவில்

1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் மையம் அமைத்துச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பியது. 1991-இல் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பு தொடங்கப்பட்டது. நல்ல இணைப்பு பூங்காக்களில் மட்டுமே கிடைத்ததால் ஊழியர்கள் அங்கே கூடினர். சென்னை தரமணியில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் பூங்கா இவ்வகையில் தமிழ்நாட்டின் அடையாளமாயிற்று.

பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் வழியாகத் தொடங்கியது. தொலைபேசியில் அழைத்து இணையும் முறை அது. இணையத்தில் இருக்கும்வரை வீட்டுக்கு வேறு அழைப்பு வராது. 2004-ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட்டு வேகத்தையே அகலப்பட்டை என வரையறுத்தது. 2005 தொடக்கத்தில் பிஎஸ்என்எல் அச்சேவையை வழங்கத் தொடங்கிய பிறகே, ஊரில் இருந்துகொண்டு தளங்கள் உருவாக்கித் தரும் தனிநபர்களுக்கு வழி பிறந்தது.

இணைப்பு கிடைத்த பின்னும் ஒரு சட்டத் தடை இருந்தது. தொலைத்தொடர்பு வசதியைக் கொண்டு சேவை வழங்கும் நிறுவனங்கள் பிற சேவை வழங்குநர் என்ற பிரிவில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவற்றின் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமானால் வங்கி உத்தரவாதம் உள்ளிட்ட நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தன. 2020 மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறை இவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் மேசைக் கணினிகளை வண்டியில் ஏற்றி ஊழியர் வீடுகளுக்கு அனுப்பின. 2020 நவம்பர் 5 அன்று புதிய வழிகாட்டு நெறிகள் வந்து பழைய நிபந்தனைகளை நீக்கின. ஷெர்லி பென்சிலையும் தொலைபேசியையும் கொண்டு தொடங்கிய ஒரு முறைக்கு இந்தியாவில் முழு இசைவு கிடைத்தது, 58 ஆண்டுகளுக்குப் பிறகு.

தமிழ் எழுத்தும் வலையும்

1990-களில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துருவைப் பயன்படுத்தின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தெரிந்தன. திஸ்கி, டாப், டாம் முதலிய குறியேற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஓர் உணவகத்தில் கென் தாம்சனும் ராப் பைக்கும் சாப்பாட்டு மேசையின் தாள் விரிப்பில் எழுதி வடிவமைத்த யுடிஎஃப்-8 குறியேற்றம், இச்சிக்கலுக்குப் பின்னாளில் தீர்வாயிற்று. யுனிகோடு எனப்படும் ஒருங்குறியின் எழுத்துகளைக் கோப்புகளில் சேமிக்கும் முறை அது. அதில் தமிழின் 'க' 3 பைட்டுகளையும், 'கி' 6 பைட்டுகளையும் எடுத்துக்கொள்ளும். இன்று வலை உருவாக்குநர் பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி எழுதினால் போதும், உலகின் எந்த உலாவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

தமிழுக்கும் வீட்டு மேசைகளே முதலில் உதவின. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சான்று. பல நாடுகளில் வசித்த தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, கட்டணமின்றி வெளியிட்டனர். திஸ்கியில் வெளியான நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன.

வீடா, அலுவலகமா?

இந்த வரலாறு நேர்கோட்டில் செல்லவில்லை. 2013-இல் யாகூ நிறுவனம் வீட்டிலிருந்து பணியாற்றியவர்களை அலுவலகத்துக்கு அழைத்தது. நெடுங்காலம் வீட்டுப் பணியை ஊக்குவித்த ஐபிஎம் நிறுவனமும் 2017-இல் அமெரிக்காவில் பல பிரிவினரை அவ்வாறே திரும்ப அழைத்தது. பெருந்தொற்றுக்குப் பின் உலகெங்கும் பல நிறுவனங்கள் வாரத்தில் சில நாள்கள் அலுவலகம், சில நாள்கள் வீடு என்ற கலப்பு முறைக்கு மாறியுள்ளன.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் மூத்தவரின் பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்துக் கற்பதை வீட்டில் பெறுவது கடினம். வாடகை, மின்சாரம், நாற்காலி ஆகியவற்றின் செலவு நிறுவனத்திடமிருந்து குடும்பத்துக்கு மாறுகிறது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான எல்லை அழிகிறது. ஒரே அறை கொண்ட வீட்டில் இருப்பவருக்கும் தனி அறை உள்ளவருக்கும் இந்த வசதி சமமாகக் கிடைப்பதில்லை. மறுபுறம், பயண நேரம் மிச்சமாகிறது. பெருநகரத்துக்குக் குடிபெயராமல் சொந்த ஊரில் பெற்றோருடன் வாழ முடிகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும், குழந்தையையோ முதியவரையோ பராமரிப்பவர்களுக்கும் இது வெறும் வசதி அன்று. வேலை உண்டா, இல்லையா என்பதையே இதுதான் தீர்மானிக்கிறது.

ஷெர்லியின் வாழ்க்கையே இதற்கு எடுத்துக்காட்டு. நிறுவனம் தொடங்கிய மறு ஆண்டு பிறந்த அவருடைய ஒரே மகன் ஜைல்ஸ், கடுமையான ஆட்டிசம் உடையவர். மகன் 1998-இல் 35-ஆம் வயதில் காலமானார். ஷெர்லி தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஆட்டிசம் ஆய்வுக்கும் அதனால் பாதிக்கப்பட்டோரின் பராமரிப்புக்கும் வழங்கினார். தம் நிறுவனம் எவ்வாறு வென்றது என்பதை விளக்கும்போது, ஊழியர்களை நம்பியதையும் ஒரு சாதாரணத் தொலைபேசியையுமே அவர் காரணமாகக் குறிப்பிட்டார். வீட்டு மேசையின் கருவிகள் அதன்பின் பலமுறை மாறிவிட்டன. துளையட்டை போய் மோடம் வந்தது, மோடம் போய் ஒளியிழை வந்தது. கண்காணிக்க முடியாத இடத்தில் இருப்பவரை நம்பி வேலையை ஒப்படைக்கலாமா என்ற கேள்வி மட்டும் 1962-இல் இருந்தவாறே இன்றும் ஒவ்வொரு நிறுவனத்தின் முன்னும் நிற்கிறது.